ஜோடிப் பாட்டு சொல்லும் பாடம்



"ஆண்டு மலருக்கு எதையாச்சும் எழுதுடா மாப்ள" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, ஃபைபர் ஆப்டிக்ஸ் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தகத்தைப் பார்த்து நாலு பக்கம் எழுதிவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஒருவன் செய்யக்கூடாத ஒரு தப்பை நான் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் அது வெறும் காப்பிதான். அந்தத் தப்பைச் சொல்வதற்கு முன்னால், புருசன் பொண்டாட்டியாகச் சேர்ந்து நாட்டுப்புறப் பாட்டு பாடிப் பேர் வாங்கிய மூன்று ஜோடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஜோடி, மூன்று மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கப்பா திண்டுக்கல்லில் மைக்செட் வைத்திருக்கிறார். மாசித் திருவிழா வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஆள் தங்காது. குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டுவதில் ஆரம்பித்து ஆம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் போடுவது வரை நான் பள்ளிக்கூட நாளிலேயே கற்றுக்கொண்டேன். ஆகவே நான் பாட்டுக்காரன் இல்லை. பாட்டுக்காரர்களின் கால் பக்கம் உட்கார்ந்து ஒயர் பிடிக்கிறவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் ஜோடி: டேப் ரிக்கார்டரோடு நடந்தவர்கள்

மதுரையைச் சேர்ந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், அவர் கணவர் தமிழ்ப் பேராசிரியர் நவநீதகிருஷ்ணன். இவர்களை மேடைப் பாடகர்கள் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். இவர்கள் ஆராய்ச்சியாளர்கள். விஜயலட்சுமி அம்மா மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, கும்மி, நடவுப் பாட்டு என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் திரட்டினார்கள். திரட்டியதைப் புத்தகமாக்கினார்கள். அதோடு நிற்காமல் தாங்களே மேடையேறிப் பாடினார்கள். 2018ஆம் ஆண்டு விஜயலட்சுமி அம்மாவுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்ன? வயக்காட்டில் பாடுகிற கிழவியின் பாட்டு, பல்கலைக்கழகத்தில் படிக்கத் தகுந்த விஷயம் என்று இவர்கள் நிரூபித்தார்கள். "பட்டிக்காட்டுப் பாட்டு" என்று மூக்கைச் சுளித்தவர்கள் முன்னால், படித்த புருசனும் பொண்டாட்டியும் ஒரே மேடையில் நின்று கூச்சமில்லாமல் அதைப் பாடினார்கள். இவர்களுடைய மெஷின், கேட்டதைப் பதிந்து வைக்கிற டேப் ரிக்கார்டர்.

இரண்டாம் ஜோடி: கேசட் காலத்துக் குரல்கள்

நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் பக்கத்தில் புஷ்பவனம் என்ற ஊர். ஊர்ப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர் புஷ்பவனம் குப்புசாமி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முறைப்படி இசை படித்தவர். அங்கேதான் அனிதாவைச் சந்தித்தார். இருவரும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, சேர்ந்தே பாட ஆரம்பித்தார்கள்.

1990களில் எங்கப்பா கடையில் இவர்கள் கேசட் இல்லாத நாளே கிடையாதாம். கோயில் கொடை, காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவானாலும் முதலில் சாமிப் பாட்டு, அடுத்து குப்புசாமி அனிதா பாட்டு, அதற்கப்புறம்தான் சினிமாப் பாட்டு. சினிமாவில் பாடித்தான் பேர் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், கேசட்டையும் மேடையையும் நம்பியே ஒரு குடும்பம் நிமிரலாம் என்று காட்டிய ஜோடி இது.

ஏன் முடிந்தது? கேசட் மலிவு. ஃபிலிப்ஸ் கம்பெனி 1963இல் அறிமுகப்படுத்திய சரக்கு இது. டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர் கூட இல்லை. ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், உள்ளே சுமார் 86 மீட்டர் டேப் இருக்கும். பெரிய ஸ்டூடியோ முதலாளி தயவில்லாமல் சின்னக் கம்பெனிகள் பாட்டைப் பதிந்து, பிரதி எடுத்து, பஸ் ஸ்டாண்ட் கடை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். இசைத்தட்டுக் காலத்தில் இது நடக்காத காரியம்.

மூன்றாம் ஜோடி: டிவியும் செல்போனும்

இது நமக்கு நெருக்கமான ஜோடி. செந்தில்கணேஷ் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ராஜலட்சுமி நம்ம திண்டுக்கல் மண்ணைச் சேர்ந்தவர். தங்கள் பாட்டை "மக்களிசை" என்று சொல்வார்கள். பல வருசம் கிராமத்து மேடைகளில் பாடிய பிறகு, விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் 6ஆம் பருவத்தில் இருவருமே போட்டியாளர்களாகக் கலந்துகொண்டார்கள். 2018இல் செந்தில்கணேஷ் பட்டம் வென்றார்.

புருசனும் பொண்டாட்டியும் ஒரே போட்டியில் எதிரெதிரே நிற்பது எவ்வளவு சங்கடம்! ஆனால் பார்த்த சனங்கள் இருவரையும் சேர்த்தே ஒரு குடும்பமாக எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் இவர்களின் வெற்றி இருக்கிறது என்பது என் கருத்து.

இவர்களின் "சின்ன மச்சான்" பாட்டை எழுதியவர் செல்ல தங்கையா. மேடையில் பாடிப் பழகிய அந்தப் பாட்டு, அம்ரீஷ் இசையில் 2019 ஜனவரியில் வந்த "சார்லி சாப்ளின் 2" படத்துக்குள் போனது. பிரபுதேவா அதற்கு ஆடினார். அதே மாதம் வந்த "விஸ்வாசம்" படத்திலும் இமான் இசையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். 2021இல் வந்த "புஷ்பா" படத்தின் "சாமி சாமி" பாட்டைத் தமிழில் பாடியவர் ராஜலட்சுமி. அதைத் தெலுங்கில் பாடிய மௌனிகா யாதவும் தெலங்கானா நாட்டுப்புறப் பாடகிதான் என்பது கவனிக்கத்தக்கது. நடிப்பையும் விடவில்லை. "கரிமுகன்" படத்தில் (2018) செந்தில்கணேஷும், "லைசென்ஸ்" படத்தில் (2023) ராஜலட்சுமியும் முக்கிய வேடம் ஏற்றார்கள்.

முன்னெல்லாம் சினிமாவில் பாடினால்தான் மேடையில் கூப்பிடுவார்கள். இவர்கள் விஷயத்தில் மேடைப் பாட்டே சினிமாவைத் தேடிப் போக வைத்தது. இதற்கு வழி போட்ட மெஷின்கள் டிவியும் செல்போனும்.

ஜோடிக் குரலின் டெக்னிக்

நம்ம பாடத்துக்கு வருவோம். ஆம்பளை பேசும் குரலின் அதிர்வெண் பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. பொம்பளைக் குரல் 165 முதல் 255 வரை. மேடைக் கணக்கில் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடினால், பெண்கள் ஐந்து கட்டை பக்கம் பாடுவார்கள். இரண்டு பேரும் ஒரே பாட்டை ஒரே சுருதியில் பாட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் கஷ்டப்பட்டாக வேண்டும். ஒன்று ஆண் உச்சஸ்தாயியில் கத்த வேண்டும், இல்லையென்றால் பெண் அடிக்குரலுக்கு இறங்க வேண்டும்.

நம்ம நாட்டுப்புற ஜோடிகள் பெரும்பாலும் ஆணையே மேலே ஏற்றிவிடுவார்கள். காரணம், மைக் இல்லாத காலத்தில் வயக்காட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்க வேண்டும் என்று உண்டான பாட்டு இது. எட்டக் கேட்பதற்கு எடுத்துப் பாடியே ஆகணும்.

இரண்டாவது உபாயம் எசப்பாட்டு. அவன் ஒரு வரி கேட்பான், அவள் ஒரு வரி பதில் சொல்வாள். ஒருவர் பாடும்போது அடுத்தவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மூன்று மணி நேரக் கச்சேரியைத் தாங்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மைக்செட்காரனுக்கும் இது வசதி. பாடாத மைக்கின் வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டால் ஸ்பீக்கர் ஊளையிடாது. ஆனால் அடுத்த வரி எப்போது வரும் என்று தெரிந்து கையை வைத்திருக்க வேண்டும். நான் எத்தனையோ தடவை கோட்டை விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

லாபமும் நட்டமும்

ஜோடியாகப் பாடுவதில் குடும்பத்துக்கு என்ன லாபம்? ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறி, விடியக்காலம் வேனில் திரும்புகிற தொழில் இது. தனியாகப் போகிற பாடகியை ஊர் என்னென்னவோ பேசும். புருசனோடு வந்தால் வாயை மூடும். இது ஊரின் குறையே தவிர, பாடகியின் குறை அல்ல என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நட்டமும் உண்டு. இரண்டு சம்பளமும் ஒரே மேடையிலிருந்து வருகிறது. மேடை நின்றால் இரண்டும் ஒரே நாளில் நிற்கும். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது நடந்தது அதுதான். பங்குனி, சித்திரை, ஆடி என்று கலைஞர்கள் வருசச் சோற்றைச் சம்பாதிக்கிற மாதங்கள் அத்தனையும் வெறுமையாகப் போயின. எங்கள் மைக்செட்டே அந்த வருசம் சாக்குப் பைக்குள் கிடந்தது என்றால், தவில்காரர், உறுமிக்காரர், பாட்டுக்காரர் நிலைமையைச் சொல்லவா வேண்டும்?

பாட்டு யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வி நம்ம ஊரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் ஏ.பி. கார்ட்டர், சாரா கார்ட்டர் என்ற மலைநாட்டுத் தம்பதி, உறவுக்காரப் பெண் மேபெல்லையும் சேர்த்துக்கொண்டு 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார்கள். ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தவர். கூடப் போன லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க் கலைஞர் மெட்டை மனசில் பிடித்துக்கொள்வார், கார்ட்டர் வார்த்தையை எழுதிக்கொள்வார். இசைத்தட்டில் பேர் வந்தது கார்ட்டருக்கு. ரிடிலின் பங்கை உலகம் அறிய வெகுகாலம் ஆனது. 1930களில் கார்ட்டர் தம்பதியின் மணவாழ்க்கை முறிந்தது. ஆனாலும் 1940களின் தொடக்கம் வரை சேர்ந்தே பாடினார்கள். குடும்பம் பிரிந்தாலும் பாட்டு பிரியவில்லை!

நம்ம நாட்டில் 1957ஆம் வருசப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 வருசம் வரை பாட்டின் உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியை உறுதி செய்தது. சரி, எழுதியவர் யாரென்றே தெரியாத நடவுப் பாட்டுக்கு? அது ஊர்ச் சொத்து. யாரும் பாடலாம். ஆனால் அதைப் பதிவு செய்தால் அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டாகிவிடும். பாடிக் கொடுத்த கிழவி பேர் கேசட் அட்டையில் இருக்காது. இதை யாரும் களவு என்று சொல்ல முடியாது. ஆனால் பேர் போடுவதற்குச் செலவு ஒன்றும் ஆகாதே!

என் தப்பு

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்க தாத்தாவும் அப்பத்தாவும்கூட ஒரு ஜோடிதான். நிலக்கோட்டைப் பக்கம் கிணத்துத் தோட்டம். பம்புசெட் வருவதற்கு முன்னால் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலம். தாத்தா மாடு ஓட்டிக்கொண்டே பாடுவாராம், மடை மாறிக்கொண்டே அப்பத்தா பதில் பாடுமாம். கரண்டு மோட்டார் வந்ததும் மாடு போனது, பாட்டும் போனது.

1994இல் எங்கப்பா புதிதாக டேப் ரிக்கார்டர் வாங்கிய சந்தோசத்தில் இருவரையும் உட்கார வைத்து அந்தப் பாட்டைப் பதிந்திருக்கிறார். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அப்பா அதை உடைக்கவில்லை. 1996 தேர்தல் சமயம் ஆட்டோ விளம்பரத்துக்கு அவசரமாக ஒரு கேசட் தேவைப்பட்டது. கைக்கு அகப்பட்டது அதுதான். தாத்தா குரல் இருந்த இடத்தில் ஓட்டுக் கேட்கிற குரல் ஏறிவிட்டது. மறுவருசம் தாத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது செல்போனில் அப்பத்தாவைப் பாடச் சொன்னேன். பல்லில்லாத வாயால் பாடுச்சு. ஒரு வரி பாடும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு அடுத்த வரி பாடும்.

"ஏன் அப்பத்தா நடுவுல நடுவுல நிப்பாட்டுற? மறந்துபோச்சா?"

"மறக்கலடா. அது உங்க தாத்தா வரி. அத நான் பாடக்கூடாதுல்ல."

நாலு நிமிசப் பதிவு அது. அதில் பாதி அமைதி. எனக்கு அப்போது அதன் அருமை விளங்கவில்லை. இரண்டு மாசம் கழித்து, "மெமரி நிரம்பிவிட்டது" என்று போன் காட்டியபோது, ஒரு புதுப்படத்தை இறக்குவதற்காகத் தேவையில்லாதவை என்று சிலவற்றை மொத்தமாக அழித்தேன். அதில் அதுவும் போயிருந்தது. இரண்டாம் ஆண்டில் அப்பத்தா இறந்தது. பந்தலில் மைக்செட் கட்டும்போது, "அம்மா பாட்டு உன் போன்ல இருக்குமேடா, போடு" என்று அப்பா கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கேசட் விஷயம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். "சரி விடு, நாமெல்லாம் ஒரே ரத்தம்தான்" என்றார்.

அந்தப் பதிவு எவ்வளவு இடம் பிடித்திருக்கும் தெரியுமா? போனில் பதிகிற சுருக்கிய வடிவத்தில் நாலு நிமிசக் குரல் நான்கைந்து எம்.பி.தான். ஒரு செல்ஃபி போட்டோ அளவு!

நாம் செய்யக்கூடியது

ஆகவே நண்பர்களே, மூன்று ஜோடிகளின் வாழ்க்கையிலிருந்து மூன்று பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சி ஜோடியிடமிருந்து, பாட்டைத் தேடிப்போகும் பணிவு. கேசட் ஜோடியிடமிருந்து, கிடைத்த மெஷினை நம்பித் தொழில் நடத்தும் தைரியம். டிவி ஜோடியிடமிருந்து, ஊர்ப் பாட்டை ஊர்ப் பேச்சோடு உலகத்தின் முன் வைக்கும் நிமிர்வு. நான்காவது பாடம் என்னிடமிருந்து: பதிந்தால் போதாது, காப்பாற்ற வேண்டும்.

நம்ம வகுப்புகளில் வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம், சின்னாளப்பட்டி என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு பாட்டைப் பதிந்துகொண்டு வாருங்கள். செய்முறை இதோ:

1. மின்விசிறியையும் டிவியையும் நிறுத்துங்கள். போனைப் பாடுகிறவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். தரையின் அதிர்வு ஏறாது.

2. முடிந்தால் சுருக்காத வடிவத்தில் பதியுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் நிமிசத்துக்கு 5 எம்.பி. ஆகும், அவ்வளவுதான்.

3. பாட்டு ஆரம்பிக்கும் முன் பாடுகிறவர் பேர், ஊர், தேதி, எந்த வேலைக்குப் பாடுவது, யாரிடம் கற்றது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வெளியே போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

4. நடுவில் வருகிற அமைதியை வெட்டாதீர்கள். அது யாருடைய வரி என்று உங்களுக்குத் தெரியாது.

5. அன்றைக்கே மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பென்டிரைவில், ஒன்று மெயிலில், ஒன்று வேறொருவர் கையில்.

போன பொங்கலுக்கு நான் நிலக்கோட்டை போனேன். அப்பத்தாவோடு மல்லிகைப் பூப் பறிக்கப் போன ஒரு பாட்டி இன்னும் இருக்கிறார். அந்தக் கவலைப் பாட்டில் நாலு வரி அவருக்கு ஞாபகம் இருந்தது. மெட்டு கொஞ்சம் மாறியிருந்தது. கேட்டுப் பார்த்தால் அவர் பாடியது அப்பத்தா வரி இல்லை, தாத்தாவின் வரிகள்! "உங்க தாத்தா குரல்தான் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேக்கும், அதான் அது மட்டும் மனசுல நிக்குது" என்றார். கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு ஜோடிப் பாட்டில் பாதி எனக்குக் கிடைத்துவிட்டது. மறுபாதி என் தப்பால் போய்விட்டது. உங்கள் வீட்டில் இன்னும் இரண்டு பாதியும் உயிரோடு இருக்கலாம். போய்க் கேளுங்கள். கேட்டதும் அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள்!



மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை